பார்மா நகரமும் பார்மிஜானோ சீஸும் ஒரே நாளில்: தனிக் காரில் போக ஒரு செய்முறை

வட இத்தாலிக்குப் போகிறவர்கள் மிலான், வெனிஸ், ஃபிளாரன்ஸ் என்று பட்டியல் போடும்போது பார்மாவை விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், வயதான பெற்றோரோடும் குழந்தைகளோடும் போகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தில் இதைவிட நிறைவான ஒரு நாள் கிடைக்காது. காலையில் சீஸ் உருவாவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். மதியத்துக்கு மேல் எண்ணூறு ஆண்டு பழைய சலவைக்கல் மண்டபத்துக்குள் நிற்கலாம். இரண்டுக்கும் நடுவே நல்ல சாப்பாடு.

ஒரு விஷயத்தை மட்டும் முதலில் மனதில் வையுங்கள். சீஸ் காலையில், நகரம் பிற்பகலில். இதை மாற்றினால் பாதிப் பயணம் போச்சு. ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் திட்டம் சிக்கி நின்றது அந்த இடத்தில்தான்.

படி 1: எங்கிருந்து, எந்த நாளில்

பொலோன்யாவில் தங்குங்கள். அங்கிருந்து பார்மா நூறு கிலோமீட்டருக்குள்தான், ஏ1 நெடுஞ்சாலையில் நேராகப் போய்விடலாம். மிலானிலிருந்தும் ஒரே நாளில் போய் வரலாம், ஆனால் விடியும் முன்பே கிளம்ப வேண்டியிருக்கும். பெரியவர்களை அவ்வளவு சீக்கிரம் எழுப்பிக் கூட்டிப் போவது எனக்குப் பிடிக்காது. பார்மாவிலேயே முந்தின இரவு தங்க முடிந்தால் இன்னும் நல்லது.

திங்கட்கிழமை வேண்டாம். பிலோத்தா அரண்மனை அன்றைக்கு மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் யோசித்துச் செய்யுங்கள். மாடு ஞாயிறென்று பார்க்காமல் பால் கறக்கும், அதனால் சீஸ் வேலை நடந்தபடிதான் இருக்கும். ஆனால் சுற்றிக்காட்ட ஆள் இருப்பார்களா என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். செவ்வாய் முதல் வெள்ளி வரை பாதுகாப்பான நாட்கள்.

படி 2: முதலில் சீஸ் பண்ணை, அப்புறம்தான் கார்

எல்லோரும் முதலில் காரைப் பதிவு செய்துவிட்டு, பண்ணையை ஓட்டுநர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். நாங்கள் முதலில் விசாரித்த ஒரு பயண நிறுவனம் அனுப்பிய திட்டத்தில் காலை பத்து மணிக்குத் தேவாலயம், ஒரு மணிக்குச் சாப்பாடு, மூன்று மணிக்கு சீஸ் பண்ணை என்று இருந்தது. பார்க்க அழகான திட்டம். ஆனால் மூன்று மணிக்கு அங்கே சீஸ் செய்ய மாட்டார்கள்! கழுவித் துடைத்த கொப்பரைகளையும் அலமாரியில் அடுக்கிய சீஸ்களையும் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

காரணம் இதுதான். பார்மிஜானோ ரெஜ்ஜானோ (இந்த சீஸின் முழுப் பெயர் அதுதான்) நாளுக்கு ஒருமுறை, காலையில் மட்டும் செய்யப்படுவது. முந்தின மாலை கறந்த பாலை இரவு முழுக்க அகலமான தொட்டிகளில் ஆற விடுகிறார்கள். மேலே மிதக்கும் ஆடையை எடுத்துவிட்டு, அன்றைய காலைப் பாலை அப்படியே அதோடு கலக்கிறார்கள். பால் பச்சையானது, காய்ச்சுவதில்லை. அதனால் காத்திருக்க முடியாது, பால் வந்ததும் வேலை தொடங்கிவிடும். திரண்ட கட்டியைக் கொப்பரையிலிருந்து தூக்கும் காட்சிதான் முக்கியம். அது பெரும்பாலும் எட்டரைக்கும் பத்துக்கும் இடையே நடக்கிறது. பதினொன்றுக்கு மேல் போனால் கழுவும் வேலைதான் நடந்துகொண்டிருக்கும்.

ஆகவே பண்ணைக்கு நீங்களே நேரடியாக எழுதுங்கள். உள்ளூரில் அதைக் கசெய்ஃபீச்சோ என்பார்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோ கூட்டமைப்பின் இணையதளத்தில் பார்வையாளர்களை அனுமதிக்கும் பண்ணைகளின் பட்டியல் இருக்கிறது. இடைத்தரகர் தளங்களைவிட அதையே நான் நம்புவேன். ஆங்கிலத்தில் எழுதி, கீழே கூகுள் மொழிபெயர்ப்பில் கிடைக்கும் இத்தாலிய வடிவத்தையும் ஒட்டி அனுப்புங்கள். பதில் சீக்கிரம் வருகிறது.

கேட்க வேண்டியதைச் சுற்றிவளைக்காமல் கேளுங்கள். "கட்டியைக் கொப்பரையிலிருந்து தூக்குவதைப் பார்க்க நாங்கள் எத்தனை மணிக்கு வர வேண்டும்?" என்பதுதான் முதல் கேள்வி. "சுற்றுலா எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டால் பிற்பகல் நேரத்தையும் தருவார்கள். அடுத்தது, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்க்க வேண்டுமா அல்லது கொப்பரைக்குப் பக்கத்தில் நிற்கலாமா. பெரிய பண்ணைகளில் தனி மேடையும் கண்ணாடியும் இருக்கும், சிறியவற்றில் பக்கத்திலேயே நிற்கலாம். என் ஓட்டு எப்போதும் சிறிய பண்ணைக்குத்தான். ஆங்கிலத்தில் விளக்கம் உண்டா, குழந்தைகளுக்கு அனுமதி உண்டா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

படி 3: காரும் ஓட்டுநரும்

இந்தப் பண்ணைகள் பெரும்பாலும் வயல்வெளிக்கு நடுவே இருப்பவை. காலை எட்டரைக்கு அங்கே பேருந்தில் போய்ச் சேருவது நடக்காத காரியம். தனிக் கார் தேவைப்படுவது ஆடம்பரத்துக்காக அல்ல.

ஓட்டுநரோடு வரும் உரிமம் பெற்ற வாடகைக் காரை இத்தாலியில் என்.சி.சி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைப் போட்டே தேடுங்கள். நீங்களே வாடகைக் கார் ஓட்டுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: பார்மாவின் பழைய நகரப் பகுதி ஜெட்.டி.எல். எனப்படும் கட்டுப்பாட்டு வட்டத்துக்குள் வருகிறது. அனுமதியில்லாத வண்டி உள்ளே போனால் கேமரா படம் பிடிக்கும், அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீடு தேடி வரும். வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். நகரம் சிறியதுதான்.

ஓட்டுநரிடம் பண்ணையின் முகவரியை மட்டும் கொடுக்காமல், வரைபடப் புள்ளியையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கிராமப்புறத்தில் ஒரே தெருப்பெயர் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருக்கும். பொலோன்யாவிலிருந்து என்றால் காலை ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதையும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 4: பண்ணைக்குள்

மூடிய, வழுக்காத செருப்பு அல்லது ஷூ போடுங்கள், தரை எப்போதும் ஈரம். மேலங்கி, தொப்பி, கால் உறை எல்லாம் அவர்களே தருவார்கள். கொப்பரை அறையில் வியர்த்துக் கொட்டும், அடுத்த அறை குளிரும். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று கையில் இருக்கட்டும்.

கவிழ்த்த மணி போன்ற வடிவில் செம்புக் கொப்பரைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் சுமார் 1,100 லிட்டர் பால். முந்தின நாள் சீஸ் செய்தபோது மிஞ்சிய தெளிநீரைப் புளிக்க வைத்து, அதைத்தான் இன்றைய பாலுக்கு உறையாக ஊற்றுகிறார்கள். அப்புறம் ரென்னெட், அதாவது பாலைத் திரள வைக்கும் பொருள். பத்து நிமிடத்தில் மொத்தப் பாலும் திரண்டுவிடும். பெரிய கம்பிக் கூண்டு மாதிரி ஒரு கருவியால் அதை உடைத்து, நொய் அளவுக்குப் பொடியாக்குகிறார்கள். பிறகு 55 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். பொடிகள் அடியில் போய்ப் படிந்து, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே திரளாகும் வரை ஏறக்குறைய ஐம்பது நிமிடம் காத்திருப்பு.

இந்த இடைவெளியில் வழிகாட்டி உங்களை வேறு அறைக்குக் கூட்டிப் போவார். போங்கள், ஆனால் தூக்கும் நேரத்துக்குத் திரும்பி வருவோமா என்று கேட்டுக்கொண்டு போங்கள். இரண்டு பேர் சேர்ந்து, மரத் துடுப்பால் திரளை அடியிலிருந்து நெம்பி மேலே கொண்டுவந்து துணியில் ஏந்துவார்கள். அப்படியே கத்தியால் இரண்டாக வெட்டுவார்கள். ஒரு கொப்பரைக்கு இரண்டு சீஸ், இரட்டைப் பிள்ளைகள் என்றே அவற்றைச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றும் கடைசியில் நாற்பது கிலோ அளவில் நிற்கும். கணக்குப் போட்டால் ஒரு கிலோ சீஸுக்கு ஏறக்குறைய 14 லிட்டர் பால். விலையைப் பற்றி எனக்கிருந்த மனக்குறை அங்கே தீர்ந்துவிட்டது.

அடுத்து அச்சு. பண்ணையின் எண்ணும் மாதமும் ஆண்டும் புள்ளி எழுத்துகளாக ஓரத்தில் பதியும். மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவாக உப்புக் கரைசலில் கிடக்கும். அதற்குப் பிறகு குறைந்தது 12 மாதம் அலமாரி வாசம். ஓராண்டு முடிந்ததும் கூட்டமைப்பின் நிபுணர் சிறு சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே வெற்றிடமோ விரிசலோ இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். தேறினால்தான் நெருப்பு முத்திரை. இந்தப் பகுதியில் ஒரு வங்கி, முதிரும் சீஸைத் தன் கிடங்கில் வைத்துக்கொண்டு பண்ணைகளுக்குக் கடன் கொடுக்கிறது. நம்மூர் நகைக்கடன் ஞாபகம் வந்தது.

படி 5: ருசி பார்த்தல்

12, 24, 36 மாதத் துண்டுகளை இந்த வரிசையிலேயே சாப்பிடுங்கள். மாற்றிச் சாப்பிட்டால் இளையது சப்பென்று தெரியும். 24 மாதம்தான் என் தேர்வு. முதிர்ந்ததில் பல்லில் நறநறக்கும் வெள்ளைப் புள்ளிகள் உப்பு அல்ல, தைரோசின் என்னும் அமினோ அமிலத்தின் படிகங்கள்.

சைவர்களுக்கு, கட்டாயம் படிக்கவும்

பார்மிஜானோவில் சேர்க்கப்படும் ரென்னெட் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. விதிப்படி அதைத்தான் சேர்க்க வேண்டும், தாவர ரென்னெட்டில் செய்த பார்மிஜானோ கிடையாது. இதே மாதிரியான இன்னொரு இத்தாலிய சீஸான கிரானா பதானோவுக்கு மாறினாலும் தப்ப முடியாது. தெளிநீரிலிருந்து செய்யும் ரிகோத்தாவிலும் அந்த ரென்னெட்டின் மிச்சம் இருக்கும். மாலைப் பாலில் இயல்பாக மிதந்த ஆடையிலிருந்து எடுத்த வெண்ணெய், ரென்னெட் சேர்க்கும் முன்பே பிரிக்கப்பட்டது. அதனால் வெண்ணெயும் ரொட்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். எந்த ஆடையில் எடுத்த வெண்ணெய் என்று மட்டும் கேளுங்கள். செய்முறையைப் பார்ப்பதற்காக மட்டுமே போகலாம், அதுவே போதுமான காரணம்.

படி 6: சாப்பாடு

பன்னிரண்டரைக்கு நகரத்துக்குள் உட்கார்ந்துவிடுங்கள். இரண்டரைக்குப் பிறகு பெரும்பாலான சமையலறைகள் இரவு வரை மூடிவிடும். கீரையும் ரிகோத்தாவும் அடைத்த தோர்த்தெல்லி தெர்பெத்தா என்னும் பாஸ்தா அருமையாக இருக்கும். பூரி போல உப்பி வரும் தோர்த்தா ஃபிரித்தாவைப் பார்த்துச் சைவர்கள் ஏமாற வேண்டாம், வழக்கமாகப் பன்றிக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள்.

படி 7: நகரம்

இறக்கிவிட வேண்டிய இடம் பிலோத்தா. அங்கே தொடங்கி தேவாலயச் சதுக்கத்தில் முடியுங்கள்.

பிலோத்தாவுக்குள் இருக்கும் தேயாத்ரோ ஃபர்னேஸே முழுக்க மரத்தாலான நாடக அரங்கம். காலையில் பார்த்த சீஸுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. பார்மா சீஸ் என்ற பெயரை எந்த ஊர்கள் பயன்படுத்தலாம் என்று 1612-இல் ஆவணமாக வரையறுத்தவர் பார்மாவின் பிரபு முதலாம் ரனூச்சோ ஃபர்னேஸே. ஆறு ஆண்டுகள் கழித்து, 1618-இல் இந்த அரங்கத்தைக் கட்டி முடித்தவரும் அவரே. ஃபிளாரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்து விருந்தாளி ஒருவருக்காகக் கட்டியது, அந்த வருகை நடக்கவில்லை. முதல் நிகழ்ச்சி 1628-இல் ஒரு திருமணத்தில்தான். 1944 குண்டுவீச்சில் பெரும்பகுதி அழிந்து, பழைய வரைபடங்களை வைத்துத் திரும்பக் கட்டினார்கள். காலையில் சீஸ் பண்ணைக்குப் போகாமல் நேராக இங்கே வருகிறவர்களுக்கு, இது ஒரு பழைய அரங்கம் மட்டும்தான். இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்வதற்கு எனக்கு இதுதான் காரணம்.

அப்புறம் தேவாலயம். குவிமாடத்தில் ஓவியர் கொர்ரெஜோ 1526 முதல் 1530 வரை வரைந்த, மரியாளின் விண்ணேற்பு ஓவியம். நிமிர்ந்து பார்த்தால் உடல்கள் சுழன்று சுழன்று மேலே போகும். பக்கத்திலேயே எண்கோண ஞானஸ்நான மண்டபம், வெரோனாவின் இளஞ்சிவப்புச் சலவைக்கல்லில் 1196-இல் சிற்பி பெனெதெத்தோ அந்தெலாமி தொடங்கியது. மாதங்களுக்கு ஒன்றாக அந்த மாதத்தின் உழவு வேலையைக் காட்டும் சிற்பங்கள் உள்ளே இருக்கின்றன. இதற்கு அரை மணி ஒதுக்குங்கள். பிற்பகல் வெயில் சாய்ந்த பிறகு வெளிச்சுவரின் நிறம் ஆழமாகும், அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.

இதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள். ஹாம் ஆலை, பால்சாமிக் வினிகர் எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்கும் திட்டங்கள் நிறைய விற்கின்றன. அவற்றில் நகரத்துக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம்.

பிற்சேர்க்கை (வாசகர்கள் கேட்டவை)

*கார் இல்லாமல் முடியாதா?* பார்மாவில் முந்தின இரவு தங்கினால் முடியும். காலையில் டாக்ஸி எடுங்கள். ஆனால் திரும்பும் டாக்ஸியையும் அப்போதே பேசிவிடுங்கள். வயல்வெளியில் நின்றுகொண்டு தேடினால் கிடைக்காது என்று ஒருவர் அனுபவப்பட்டு எழுதியிருந்தார்.

*பண்ணை ரெஜ்ஜோ எமிலியா பக்கம் கிடைத்தது, போகலாமா?* தாராளமாக. பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோதெனா மாவட்டங்கள் முழுவதும், பொலோன்யாவிலும் மாந்துவாவிலும் ஒரு பகுதி, எல்லாமே அதிகாரப்பூர்வ எல்லைக்குள் வருபவை. பொலோன்யாவிலிருந்து வருகிறவர்களுக்கு அது வழியிலேயே இருக்கிறது, காலையில் அரை மணி மிச்சம்.

*வாங்கிய சீஸ் நாள் முழுக்கக் காரில் கெடாதா?* காற்று நீக்கிய உறையில் அடைத்துத் தரச் சொல்லுங்கள், சொத்தோவுவோத்தோ என்றால் புரிந்துகொள்வார்கள். கோடையில் மூடிய கார் சூடாகும், அதனால் ஒரு குளிர்ப்பை கொண்டு போங்கள். உறையைப் பிரித்த பிறகு ஈரமில்லாத துணியிலோ காகிதத்திலோ சுற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஓரத்துத் தோலைத் தூக்கிப் போடாதீர்கள், சுரண்டிக் கழுவி சூப்பில் போட்டுக் கொதிக்க விடலாம்.