உஸ்பெகிஸ்தானுக்கு முதல் முறை போகிறீர்களா? ரயில் டிக்கெட்டிலிருந்து தொடங்குங்கள்

உஸ்பெகிஸ்தான் போய்வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "பேக்கேஜ் இல்லாமல் நாமாகவே போய்வர முடியுமா?" தாராளமாக முடியும். மத்திய ஆசியாவில் முதல் பயணத்துக்கு இதைவிட எளிதான நாடு இல்லை என்பது என் கருத்து. பார்க்க வேண்டிய பெரிய ஊர்கள் எல்லாம் ஒரே ரயில் பாதையில் வரிசையாக இருக்கின்றன. ஆனால் வேலைகளைச் சரியான வரிசையில் செய்ய வேண்டும். பலர் விமானம், ஹோட்டல் எல்லாம் பதிவு செய்துவிட்டுக் கடைசியில் ரயிலைத் தேடுகிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

படி 1: நாட்களையும் ஊர்களையும் முடிவு செய்யுங்கள்

முதல் பயணத்துக்கு 7 அல்லது 8 நாள் போதும். தாஷ்கண்டில் 2 நாள், சமர்கண்டில் 2 நாள், புகாராவில் 2 நாள். மிச்ச நாளைப் பயணத்துக்கும் ஓய்வுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கீவா என்ற பழைய ஊரையும் சேர்க்க ஆசை இருந்தால் 10 நாளாவது வேண்டும். புகாராவிலிருந்து கீவா கிட்டத்தட்ட 450 கிலோமீட்டர். நடுவில் கிசில்கும் பாலைவனம். ஒரு வாரத்துக்குள் நான்கு ஊர்களையும் திணித்தால் பாதி நாள் வண்டியிலேயே போய்விடும்.

எப்போது போகலாம்? ஏப்ரல், மே, இல்லையென்றால் செப்டம்பர், அக்டோபர். நமக்கு அக்னி நட்சத்திரம் போல அவர்களுக்கு 'சில்லா' என்று 40 நாள் உண்டு. ஜூன் 25 முதல் ஆகஸ்ட் 5 வரை. வெயில் 40 டிகிரியைத் தொடும். நம் ஊர் வெயிலில் வளர்ந்தவர்கள்தானே என்று நினைக்காதீர்கள். பார்க்க வேண்டிய இடங்கள் பெரும்பாலும் நிழலே இல்லாத திறந்த முற்றங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். குளிரைத் தாங்குவீர்கள் என்றால் கூட்டமில்லாமல் நிம்மதியாகப் பார்க்கலாம்.

படி 2: விசா

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இ-விசாவுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஒருமுறை நுழைந்து 30 நாள் வரை தங்க 20 டாலர். பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் ஒரு புகைப்படமும் போதும். சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் என்றால் 30 நாளுக்கு விசாவே தேவையில்லை. தேடினால் அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் முதலில் வந்து நிற்கும். அவை கூடுதல் கட்டணம் வாங்கும். முகவரி 'gov.uz' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நம்மவர்களுக்கு மட்டும் ஒரு சொல். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரோ இனிஷியலோதான். பாஸ்போர்ட்டில் எந்த இடத்தில் எந்தப் பெயர் எந்த எழுத்துகளில் இருக்கிறதோ, அதையே விசா, விமானம், ரயில் மூன்றிலும் எழுதுங்கள். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் விரித்த பெயர் என்று இருந்தால் வீணாகக் கவுண்டரில் நின்று விளக்க வேண்டியிருக்கும்.

படி 3: ரயில்தான் முதுகெலும்பு

'அஃப்ரோசியாப்' என்பது அங்கே ஓடும் அதிவேக ரயில். 2011இல் தாஷ்கண்டுக்கும் சமர்கண்டுக்கும் இடையே தொடங்கி, 2016இல் புகாரா வரை நீண்டது. மணிக்கு 250 கிலோமீட்டர் வரை போகும். தாஷ்கண்டிலிருந்து சமர்கண்டுக்கு இரண்டே கால் மணி நேரத்துக்குள், புகாராவுக்குச் சுமார் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம்.

இதில் இடம் கிடைப்பதுதான் பெரிய விஷயம். சீசனில் விற்பனை திறந்த கொஞ்ச நாளிலேயே தீர்ந்துவிடுகிறது. அதனால் ரயில்வேயின் இணையதளத்தையோ செயலியையோ பல வாரங்களுக்கு முன்பே பார்க்கத் தொடங்குங்கள். ரயில் தேதி உறுதியான பிறகு ஹோட்டல் போடுங்கள். அஃப்ரோசியாப் கிடைக்கவில்லையா? கவலை வேண்டாம். 'ஷார்க்' என்ற சாதாரண ரயில் சமர்கண்டுக்கு மூன்றரை மணி நேரத்தில் போகும். பருத்தி வயல்களையும் மல்பெரி மர வரிசைகளையும் ஜன்னல் வழியாக நிதானமாகப் பார்த்துக்கொண்டு போவதும் நன்றாகத்தான் இருக்கும்.

அடுத்து சொல்வதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். தாஷ்கண்டில் இரண்டு ரயில் நிலையங்கள்: வடக்கு, தெற்கு. என் டிக்கெட்டில் 'ஷிமோலிய்', அதாவது வடக்கு என்று இருந்தது. நான் டாக்ஸிக்காரரிடம் "ஸ்டேஷன்" என்று மட்டும் சொன்னேன். அவர் தெற்கு நிலையத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். நுழைவாயிலில் டிக்கெட்டைப் பார்த்த காவலர் தலையை ஆட்டியபோது ரயில் கிளம்ப 35 நிமிடம் இருந்தது. வேறு வண்டி பிடித்து ஓடி, கதவு மூட நான்கு நிமிடம் இருக்கும்போது ஏறினேன். நிலையத்தின் பெயரை டிக்கெட்டில் பார்த்து, அதையே டாக்ஸி செயலியில் குறியுங்கள். நிலையத்துக்குள் நுழையவே பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் காட்ட வேண்டும், பைகளை ஸ்கேன் செய்வார்கள். முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

புகாரா நிலையம் ஊருக்குள் இல்லை, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ககான் என்ற ஊரில் இருக்கிறது. இறங்கியதும் நடந்து போய்விடலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

படி 4: பணம்

அங்கே நாணயம் 'சோம்'. ஒரு டாலருக்குப் பன்னிரண்டாயிரம் சோம் அளவில் கிடைக்கும். முதல் முறை மாற்றும்போது கையில் கத்தை கத்தையாக நோட்டு வரும். சுழியங்களை எண்ணிப் பழக ஒரு நாள் ஆகும். ரூபாயை நம்பிப் போகாதீர்கள், டாலராகவே கொண்டுபோங்கள். மடிப்பு, கிழிசல், பேனா கிறுக்கல் இல்லாத புது நோட்டாக இருக்கட்டும். 2017இல் நாணயக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய பிறகு கள்ளச் சந்தைக்கு வேலையே இல்லை. வங்கியிலேயே நியாயமான விலை கிடைக்கும். தெருவில் யாராவது மாற்றித் தருகிறேன் என்றால் நகர்ந்துவிடுங்கள். கார்டைக் கிளம்பும் முன்பே வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறந்து வையுங்கள். உணவகங்களில் பில்லோடு சேவைக் கட்டணமும் சேர்ந்து வருவது வழக்கம், அதைப் பார்த்துப் பதறாதீர்கள்.

படி 5: இறங்கிய முதல் நாள்

டெல்லியிலிருந்து தாஷ்கண்டுக்கு நேரடி விமானம் உண்டு, சுமார் மூன்று மணி நேரம். கடிகாரத்தை அரை மணி நேரம் மட்டும் பின்னால் தள்ளினால் போதும்.

விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட் காட்டி ஒரு சிம் வாங்கிக்கொள்ளுங்கள். யாண்டெக்ஸ் கோ என்ற டாக்ஸி செயலியை ஊரிலிருந்தே இறக்கி வையுங்கள். விமான நிலையம் ஊரை ஒட்டியே இருக்கிறது. வெளியே சூழ்ந்துகொள்ளும் டாக்ஸிக்காரர்கள் கேட்பது செயலி காட்டும் தொகையைப் போலப் பல மடங்கு. "கெரக் எமஸ்", அதாவது வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வாருங்கள். இன்னொன்று: வண்டிகள் வலது பக்கம் ஓடும். சாலையைக் கடக்கும்போது முதலில் இடது பக்கம் பாருங்கள். நம் கழுத்து பழக்கத்தில் எதிர்ப்பக்கமே திரும்பும்.

தாஷ்கண்டை மெட்ரோவில் சுற்றுங்கள். 1977இல் திறந்தது. நிலையங்களில் படம் எடுக்க முன்பு தடை இருந்தது, 2018இல் நீக்கிவிட்டார்கள். கோஸ்மோனாவ்ட்லர் நிலையத்தில் அவசரப்படாமல் நில்லுங்கள். சுவரின் நீலம் வானம் இருட்டுவதுபோல நிறம் மாறிக்கொண்டே போகும். அதில் வட்ட வட்டப் படங்களாக விண்வெளி வீரர்கள் ககாரினும் தெரெஷ்கோவாவும். அவர்களோடு சமர்கண்டில் வானாய்வுக்கூடம் கட்டிய மன்னர் உலுக் பெக்கும் இருப்பார். லால் பகதூர் சாஸ்திரி 1966 ஜனவரி 11 அன்று காலமானது இந்த ஊரில்தான். அவர் பெயரில் தெருவும், மார்பளவுச் சிலையும் இருக்கின்றன.

படி 6: சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. ஒன்றே ஒன்று: 'ஓஷ்' என்கிற புலாவ் மதியச் சாப்பாடு. பெரிய கொப்பரையில் காலையிலேயே ஏற்றிவிடுவார்கள். நல்ல இடங்களில் பிற்பகல் இரண்டு மணிக்கே தீர்ந்துவிடும்.

சைவர்களுக்குக் கொஞ்சம் திட்டம் வேண்டும். காய்கறி சூப் என்று சொல்வதில்கூட இறைச்சி வேகவைத்த நீர் இருக்கலாம். "கோஷ்த்சிஸ்", அதாவது இறைச்சி இல்லாமல் என்ற சொல்லை மனப்பாடம் செய்யுங்கள். சமோசா போலப் பூசணி வைத்துச் சுட்ட 'கோவோக் சோம்சா', வசந்த காலத்தில் கீரை வைத்தது, தக்காளியும் வெங்காயமும் மெல்லிசாக அரிந்த 'அச்சிச்சுக்', கெட்டித் தயிர், பழங்கள். இவற்றோடு 'நோன்' இருந்தால் வயிறு நிறைந்துவிடும்.

அந்த நோனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தந்தூர் அடுப்பில் சுட்ட வட்ட ரொட்டி. நடுவில் 'செக்கிச்' என்ற ஊசிகள் பதித்த முத்திரையால் குத்திப் பூக்கோலம் போட்டிருப்பார்கள். குத்திய இடம் உப்பாமல் மொறுமொறுவென்று இருக்கும், ஓரம் தலையணை போல எழும்பி நிற்கும். கத்தி போடாமல் கையால்தான் பிய்ப்பார்கள். மேசையில் கவிழ்த்து வைக்கக் கூடாது, தரையில் போடவே கூடாது. தேநீருக்கும் முறை உண்டு. முதலில் ஊற்றியதை மூன்று முறை கெட்டிலுக்கே திருப்பி ஊற்றிவிட்டுத்தான் கிண்ணத்தில் தருவார்கள். பாதிக் கிண்ணம்தான் கொடுத்தார்கள் என்று வருந்தாதீர்கள். அடிக்கடி ஊற்றி உபசரிக்கத்தான் குறைத்து ஊற்றுகிறார்கள், அது மரியாதை.

படி 7: சமர்கண்டும் புகாராவும்

சமர்கண்டின் பெரிய சதுக்கமான ரெஜிஸ்தானை ஒரே முறையில் பார்த்து முடிக்காதீர்கள். காலை வெயிலில் ஒருமுறை, விளக்கு போட்ட பிறகு ஒருமுறை. அங்கே நிற்கும் மூன்று மதரசாக்களில் உலுக் பெக்கினுடையது 1420இல் முடிந்தது. மற்ற இரண்டும் அதற்கு இருநூறு வருடம் கழித்து 17ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. அந்த இரண்டில் ஒன்றான ஷெர்-தோர் வாசலில் புலி போன்ற சிங்கங்களின் முதுகில் மனித முகத்தோடு சூரியன் உதிப்பதைத் தேடிப் பாருங்கள். ஷாஹி ஸிந்தாவுக்குச் சீக்கிரம் போங்கள். குறுகிய சந்தில் இரண்டு பக்கமும் நீல ஓடுகள் பதித்த சமாதிகள், கூட்டம் வந்தால் நிற்க இடமிருக்காது.

புகாராவில் பழைய நகரத்துக்குள்ளேயே, முற்றம் வைத்த பழைய வீடுகளில் ஒன்றில் தங்குங்கள். 1127இல் கட்டிய கல்யான் மினாருக்கு நடந்தே போகலாம். மாலையில் லியாபி ஹவுஸ் குளக்கரையில் மல்பெரி மரத்தடியில் உட்காருங்கள்.

படி 8: மறக்கக் கூடாதவை

ஒரு ஊரில் மூன்று நாளுக்கு மேல் தங்கினால் பதிவு அவசியம். ஹோட்டலில் அவர்களே செய்துவிடுவார்கள். நண்பர் வீட்டில் தங்கினால் அவர் செய்ய வேண்டும், கேட்டு உறுதி செய்யுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால், தூக்க மாத்திரை போன்றவற்றில் சுங்கத்தார் மிகக் கண்டிப்பு; மருந்துச் சீட்டு இல்லாமல் எதையும் கொண்டுபோகாதீர்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். நம் மூன்று முனை பிளக் அங்கே பொருந்தாது, ஒரு அடாப்டர் வையுங்கள். போலீஸுக்கு 102, ஆம்புலன்ஸுக்கு 103.

மிச்சமுள்ள சோமை அங்கேயே மாற்றிவிடுங்கள், இங்கே வாங்க ஆள் இல்லை. கடைசியாகச் சமர்கண்டை விட்டுக் கிளம்பும் காலையில் சியோப் சந்தையில் இரண்டு நோன் வாங்குங்கள். கனமாக, பளபளப்பாக இருக்கும். பல நாள் கெடாது என்பதில் அந்த ஊர்க்காரர்களுக்குப் பெருமை. துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் லேசாகத் தண்ணீர் தெளித்து, தோசைக்கல்லில் மூடி போட்டுச் சிறு தீயில் சூடாக்குங்கள்.