வீரதீர விருது பெற்ற படைவீரருக்கு நினைவேந்தல்: ஊரில் முறையாக நடத்துவது எப்படி

படைவீரர் நினைவேந்தலின் உயிர் அந்த இரண்டு நிமிட மௌனத்தில் இருக்கிறது. மேடை, பந்தல், பேச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த இரண்டு நிமிடமும் வீரரின் குடும்பமும் சரியாகக் கவனிக்கப்பட்டால் நிகழ்ச்சி நிற்கும்.

ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். முதலில் குடும்பத்தாரின் சம்மதம், அடுத்தது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அங்குள்ள உதவி இயக்குநரிடம் எழுத்தில் கொடுத்தால், வீரரின் பதவி, படைப்பிரிவு, விருது விவரங்களைச் சரிபார்க்கவும், வீரரின் ரெஜிமென்ட்டைத் தொடர்புகொள்ளவும் வழி கிடைக்கும். அணிவகுப்புக்கு என்சிசி (தேசிய மாணவர் படை) மாணவர்கள் வேண்டுமென்றால் பள்ளி, கல்லூரி வழியாக அவர்களுடைய பட்டாலியனுக்குத் தனிக் கடிதம் போக வேண்டும். பரீட்சை நாட்களில் கேட்டால் கிடைக்காது.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது வீரமரண நாளே முதல் தேர்வு. போரில் பங்கேற்று விருது பெற்று, முதுமையில் மறைந்தவர் என்றால் டிசம்பர் 16 வெற்றி தினமோ, ஜூலை 26 கார்கில் வெற்றி தினமோ பொருந்தும். ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம்தான், ஆனால் நம் ஊரில் அது பொங்கலோடு வந்து நிற்கும். குடும்பங்கள் வீட்டைவிட்டு நகர முடியாத நாள், வேண்டாம்.

அதிகப் பிழை நேர்வது பெயர்ப்பலகையில். மேஜர் முகுந்த் வரதராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியானில் பயங்கரவாதிகளுடன் நடந்த சண்டையில் உயிர்நீத்தார். அப்போது அவர் பணியாற்றியது 44 ராஷ்டிரிய ரைபிள்ஸ், அவர் முதலில் சேர்ந்த தாய்ப்பிரிவு ராஜ்புத் ரெஜிமென்ட். இரண்டில் ஒன்றை விட்டால் விவரம் பாதிதான். அவருக்கு வழங்கப்பட்டது அசோக் சக்ரா. அதைப் 'போர்க்கால விருது' என்று எழுதுவது தவறு. போர்க்களத்தில் எதிரிக்கு முன் காட்டிய வீரத்துக்கு பரம்வீர், மகாவீர், வீர் சக்ராக்கள். மற்ற வீரச்செயல்களுக்கு அசோக், கீர்த்தி, சௌர்ய சக்ராக்கள். மறைவுக்குப் பின் வழங்கப்பட்டதென்றால் அதையும் பலகையில் குறிப்பிடுங்கள். முதுமையில் இறந்தவருக்கு 'வீரமரணம்' என்று போடக் கூடாது, அவர் பெற்ற பதக்கமே போதும். செங்கம் பக்கத்து நடுகற்களில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யார், எந்தப் பூசலில் பட்டார் (இறந்தார்) என்று சில வரிகளில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பலகைக்கும் அந்த அளவு போதும்: பதவி, பெயர், விருது, படைப்பிரிவு, இடம், நாள்.

படத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் உற்றுப் பாருங்கள். பதக்க ரிப்பன்கள் வீரரின் இடது மார்பில் இருக்க வேண்டும், அதாவது நீங்கள் பார்க்கும்போது வலப்பக்கம். ஃப்ளெக்ஸ் வடிவமைப்பில் படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டால் ரிப்பன் மாறிவிடும், பெயர்ப்பட்டையின் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிவிடும். வேறொருவரின் சீருடை மேல் முகத்தை மட்டும் ஒட்டுவதும் நடக்கிறது. தொப்பியில் இருக்கும் சின்னம் வேறு ரெஜிமென்ட்டாக இருந்தால், கூட நின்று சண்டையிட்டவர்கள் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அது அவர்களுக்குப் பெரிய மனவேதனை.

தேசியக் கொடியில் உணர்ச்சிவேகத்தில் செய்யும் தவறுகள் அதிகம். அரைக்கம்பத்தில் பறக்கவிடுவது அரசு அறிவிக்கும் நாட்களில் மட்டும், நாமாக முடிவெடுக்க முடியாது. சிலையை மூடித் திறக்கவோ, மேடை மேசையில் விரிக்கவோ கொடியைப் பயன்படுத்தக் கூடாது. திரைக்கு வெள்ளைத் துணி போதும், கயிறு சிக்காமல் வருகிறதா என்று மூன்று தடவை இழுத்துப் பாருங்கள். கொடியின் நீள அகலம் 3:2. கசங்கியதும் சாயம் போனதும் வேண்டாம்.

மலர்வளையத்துக்கு இரண்டரை அடி விட்டம் சரியான அளவு. மூங்கில் சிம்பு வளையத்தில் ஈரவைக்கோல் சுற்றிப் பூக்கட்டுவதால் நினைப்பதைவிடக் கனக்கும், தண்ணீரும் சொட்டும். வயதான தாயார் அதைத் தூக்கத் தடுமாறுவார், புடவை நனையும். அவருக்கு ஒன்றரை அடியில் தனியாகச் செய்யச் சொல்லி, தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு, இரண்டு மாணவர்கள் ஏந்தி வர, அவர் கைவைத்துச் சாத்தினால் போதும். அடியில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் நினைவுக்கல்லின் கிரானைட்டில் கீறல் விழும், துணி சுற்றுங்கள். மொத்தம் எட்டு வளையத்துக்கு மேல் வேண்டாம். ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும் முப்பது வளையத்துக்கு அரை மணி நேரம் குடும்பம் வெயிலில் நிற்க வேண்டிவரும். மற்றவர்கள் உதிரிப்பூ தூவலாம்.

அரசியல் பிரமுகர் எவர் வந்தாலும் முன்வரிசை நடு இருக்கை குடும்பத்துக்குத்தான். இதை அழைக்கும்போதே அவரவர் உதவியாளரிடம் சொல்லிவிடுங்கள். மறைந்தவரின் பதக்கங்களைக் குடும்பத்தார் அணிவதானால் வலது மார்பில் அணிய வேண்டும். முன்னாள் படைவீரர்கள் தங்கள் சொந்தப் பதக்கங்களை இடதில் அணிவார்கள்.

நிகழ்ச்சி வரிசை இது. தமிழ்த்தாய் வாழ்த்து, 55 விநாடி. வீரரின் விருதுக் குறிப்பை ஒருவர் நிதானமாக வாசிப்பார், மூன்று நிமிடத்துக்குள். மலர்வளையம், குடும்பத்தார் முதலில். பிறகு துப்பாக்கி ஏந்திய அணி 'சலாமி சஸ்திர' கட்டளைக்கு ஆயுத மரியாதை செலுத்தும், அடுத்து 'சோக் சஸ்திர' (துக்க மரியாதை) கட்டளைக்குத் துப்பாக்கியைத் தலைகீழாக்கித் தலைகுனியும். பியூகிள் என்ற ஊதுகொம்பில் 'லாஸ்ட் போஸ்ட்' அஞ்சலி இசை. இரண்டு நிமிட மௌனம். மௌனம் முடிந்ததை அறிவிக்கும் 'ரவுஸ்' இசை பியூகிளில் ஒலித்ததும் தலை நிமிரும். உரைகள் இருந்தால் இரண்டு மட்டும். இறுதியில் தேசிய கீதம், 52 விநாடி.

பியூகிளுக்கு வால்வு கிடையாது, எல்லாச் சுரமும் ஊதுபவரின் உதட்டில்தான். காலையிலிருந்து வெயிலில் நிற்கவைத்தால் உதடு வறண்டு மேல்சுரம் உடையும். அவரை நிழலில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பத்து நிமிடம் முன்னால் மறைவாக ஊதிப் பழக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஊத ஆள் கிடைக்காவிட்டால் ஒலிப்பதிவு போடலாம். போனில் போடுவதானால் ஃப்ளைட் மோடில் வையுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் எல்லாம் குலைந்துபோகும்.

மௌனத்துக்கு ஒருவர் கையில் ஸ்டாப்வாட்ச். யாரும் ஊகத்தில் முடிக்கக் கூடாது, பதற்றத்தில் நாற்பது விநாடியிலேயே 'நன்றி' சொல்லிவிடுவார்கள். மைக் செட்காரரிடம் ஆம்ப்ளிஃபயரை அணைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்த இரைச்சல்தான் கேட்கும். ஜெனரேட்டரைத் தெருமுனைக்குத் தள்ளி வையுங்கள். சாலையோரம் என்றால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டு, அந்த நேரத்துக்கு மட்டும் வண்டிகளை நிறுத்தலாம். வணக்கம் வைப்பதில் குழப்பம் வரும்: சீருடையும் தொப்பியும் அணிந்தவர்களே சல்யூட் அடிப்பார்கள், மற்றவர்கள் நேராக நின்று தலைகுனிந்தால் போதும்.

டெல்லிக்குப் போக முடிந்த குடும்பங்களுக்கு ஒன்று. 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச்சின்னத்தின் தியாகச் சக்கரம் என்ற வட்டப் பகுதியின் சுவர்களில், சுதந்திரத்துக்குப் பின் நாட்டுக்காக உயிர்நீத்த வீரர்களின் பெயர்கள் கிரானைட் பலகைகளில் பொறிக்கப்பட்டுள்ளன. தினமும் மாலையில் ஒரு வீரரின் குடும்பத்தார் அங்கே மலர்வளையம் சாத்தும் நிகழ்வும் உண்டு. அதற்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். பெயர் எந்தச் சுவரில் இருக்கிறது என்பதைப் போகுமுன் தெரிந்துகொண்டால் வளாகத்தில் அலைய வேண்டாம்.

விழா முடிந்த அன்றே வளையங்களிலிருந்த ரிப்பன்களை வெட்டி எடுத்து, வாசித்த விருதுக் குறிப்பின் பிரதியோடு ஒரு உறையில் வைத்துக் குடும்பத்தாரிடம் கொடுங்கள். வளையங்களை மறுநாள் காலையில் எடுத்துவிடுங்கள். வைக்கோல் அழுகினால் கல்லில் கறை பிடித்துவிடும்.