ஆரில் கோட் ஓடவில்லையா? உதவி கேட்கும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர் (R) மொழியில் தரவுப் பகுப்பாய்வுக்கு உதவி கேட்டுப் பதிலே வராமல் போவதற்குக் கேள்வி கடினமாக இருப்பது அரிதாகவே காரணம். பதில் சொல்ல வருபவரால் அதே பிழையைத் தன் கணினியில் வரவழைக்க முடிவதில்லை. அதுதான் சிக்கல்.

முதல் தவறு, டேட்டாவை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்புவது. படத்தைத் திரும்பத் தட்டச்சு செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது என்பது ஒரு பக்கம். பிழையின் காரணத்தையே படம் மறைத்துவிடுகிறது என்பதுதான் பெரிய நஷ்டம். எக்ஸெலில் 1,25,000 என்று காற்புள்ளி போட்ட தொகைகளை சிஎஸ்வி ஆக்கி ரீட்.சிஎஸ்வி மூலம் ஏற்றினால், அந்த நெடுவரிசை முழுவதும் எண்ணாக அல்ல, கேரக்டராக, அதாவது எழுத்தாக, உட்காரும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எண்ணாக மாற்றும் ஆஸ்.நியூமெரிக் போட்டால் காற்புள்ளி உள்ளவை எல்லாம் என்ஏ (விடுபட்ட மதிப்பு) ஆகும். ஆயிரத்துக்குக் கீழான 950 போன்றவை மட்டும் தப்பிக்கும். பிறகு என்ஏக்களை ஒதுக்கிவிட்டு சராசரி எடுத்தால் விடை வரும், ஆனால் சிறிய தொகைகளுக்கு மட்டுமான சராசரி அது. காற்புள்ளியை ஜிசப் ஃபங்ஷன் கொண்டு நீக்கிவிட்டு மாற்றினால் ஒரே வரியில் முடிகிற வேலை.

எனவே படத்துக்குப் பதில், டேட்டாவை ஆர் கோடாகவே எழுதித் தரும் டிபுட் (dput) அனுப்புங்கள். அதன் வெளியீட்டை அப்படியே ஒட்டினால் அதே டேட்டா ஃப்ரேம் (அட்டவணை), அதே வகைகளோடு எதிர்ப்பக்கம் உருவாகும்; எண் மேற்கோளுக்குள் நின்றால் பார்த்தவுடன் பிடிபடும். முழு டேட்டா வேண்டாம். முதல் வரிசைகளை மட்டும் தரும் ஹெட் கொண்டு 10 அல்லது 20 வரிசை எடுத்தால் போதும், பிழை அந்த வரிசைகளிலும் வருகிறதா என்று மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு பள்ளம். ஃபேக்டர் (வகைப்பிரிவாகச் சேமிக்கப்பட்ட) நெடுவரிசை இருந்தால், ஹெட் 10 வரிசையாகக் குறைத்தாலும் லெவல்கள், அதாவது வகைகளின் பட்டியல், முழுவதும் கூடவே வரும். நோயாளிகளின் பெயர்கள் ஃபேக்டராக இருந்தால் 10 வரிசை அனுப்புவதாக நினைத்து மொத்தப் பட்டியலையும் வெளியே விட்டுவிடுவீர்கள். பயன்படாத லெவல்களை நீக்கும் டிராப்லெவல்ஸ் போட்ட பிறகே டிபுட் செய்யுங்கள். பெயர், கைபேசி எண் நெடுவரிசைகளை அதற்கும் முன்பே நீக்கிவிடுங்கள். டேட்டா.டேபிள் பேக்கேஜ் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொன்று: டிபுட் வெளியீட்டின் கடைசியில் பாயிண்டர் என்று ஒரு துண்டு வரும். அதை அழிக்காமல் அனுப்பினால் ஒட்டுகிற இடத்தில் எரர்தான்.

டேட்டாவையே காட்டக் கூடாதென்றால் ஆருடன் வரும் ஏர்குவாலிட்டி என்ற மாதிரி டேட்டா இருக்கிறது. 153 வரிசை, ஓசோன் நெடுவரிசையில் 37 என்ஏ; விடுபட்ட மதிப்புகள் பற்றிய கேள்விகளுக்கு இதுவே போதும்.

அடுத்தது, கடைசி எரரை மட்டும் அனுப்புவது. கோப்பின் பெயரில் ஒரு எழுத்து தவறியதால் ரீட்.சிஎஸ்வி தோற்றிருக்கும், டிஎஃப் என்ற பெயரில் டேட்டா உருவாகியே இருக்காது. ஆனால் ஆரில் டிஎஃப் என்று ஏற்கெனவே ஒரு ஃபங்ஷன் உண்டு, புள்ளியியலின் எஃப் பரவலுக்கானது. அடுத்த வரியில் டாலர் குறி போட்டு நெடுவரிசை கேட்டால், 'க்ளோஷர்' (அதாவது ஃபங்ஷன்) வகையைப் பிரித்தெடுக்க முடியாது என்று குழப்பமான எரர் வரும். மேலே உள்ள முதல் சிவப்பு வரியைப் பார்த்திருந்தால் கேள்வியே எழாது. வார்னிங்குகளையும் வெட்டாமல் அனுப்புங்கள்.

பேக்கேஜ்களை ஏற்றும் லைப்ரரி வரிகளை விட்டுவிடுவது சின்ன விஷயம்போலத் தெரியும். டிப்ளையர் பேக்கேஜுக்குப் பிறகு மாஸ் பேக்கேஜை ஏற்றினால், நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுக்கும் செலக்ட் என்ற ஃபங்ஷன் மாஸுடையதாக மாறிவிடும். 'அன்யூஸ்டு ஆர்க்யுமென்ட்' என்று கோட் நிற்கும். மாஸ் ஏற்றாதவரிடம் அதே கோட் ஓடும், "எனக்கு ஓடுதே" என்பார். ஜெனி பிரையன் உருவாக்கிய ரெப்ரெக்ஸ் பேக்கேஜ் இதற்கு நல்ல மருந்து: கோடை காப்பி செய்து ரெப்ரெக்ஸ் என்று அழைத்தால், புதிய செஷனில் ஓட்டி, கோடும் வெளியீடும் சேர்ந்து கிளிப்போர்டில் வந்துவிடும். மறந்த லைப்ரரி அங்கேயே மாட்டும். பாதி நேரம் கேள்வி கேட்கவே தேவையிருக்காது.

ஆர், பேக்கேஜ் பதிப்புகளைக் காட்டும் செஷன்இன்ஃபோவையும் சேருங்கள், பதிப்பு முக்கியம். 2020இல் வந்த 4.0.0க்கு முந்தைய ஆரில் ரீட்.சிஎஸ்வி எழுத்துகளைத் தானாகவே ஃபேக்டராக்கும். 10, 20, 5 என்ற எழுத்துகள் ஃபேக்டரானபின் நேராக ஆஸ்.நியூமெரிக் போட்டால் லெவல்களின் வரிசை எண்களான 1, 2, 3 வரும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல். இடையில் ஆஸ்.கேரக்டர் தேவை.

வேர்ட் வழியாக கோட் அனுப்பாதீர்கள், நேர் மேற்கோள் வளைந்த மேற்கோளாக மாறி ஆர் அதை ஏற்காது. கோடின் தலையில் வேலை ஃபோல்டரைக் குறிக்கும் செட்டபிள்யூடி வரி இருந்தால் எடுத்துவிடுங்கள், உங்கள் டி டிரைவ் ஃபோல்டர் மற்றவரிடம் கிடையாது. எல்லாவற்றையும் அழிக்கும் ஆர்எம் வரி அதைவிட மோசம்: உதவ வந்தவர் யோசிக்காமல் ஒட்டி ஓட்டினால், அவர் காலையிலிருந்து செய்து வைத்த ஆப்ஜெக்ட்கள் அத்தனையும் காலி.