மதுரை மாடியில் மிசுனா: ஜப்பானியக் கடுகுக் கீரையின் வளர்ப்பும் சமையலும்

ஜப்பானில், குறிப்பாகக் கியோட்டோப் பகுதியில், நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டுவரும் மிசுனா, கடுகுக் கீரை என்று விற்கப்பட்டாலும் டர்னிப்புக்கும் சீன முட்டைக்கோஸுக்கும் நெருங்கிய உறவுடையது. விளிம்பு ஆழமாக வெட்டுண்ட மெல்லிய இலையும் வெண்ணிறக் காம்பும் கொண்ட இதன் காரம், நம் ஊர்க் கடுகு இலையின் காரத்தைவிடக் குறைவு. முளைக்கீரை வளர்த்துப் பழகியவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க அதிகமில்லை. மதுரையில் தவறவிடக் கூடாதது பருவம் ஒன்றுதான்.

குளிர்ப்பயிர் என்பதால், வெயில் ஏறிப் பகற்பொழுதும் நீளத் தொடங்கியதும் மிசுனா இலை விடுவதைக் குறைத்துப் பூத்தண்டை நீட்டிவிடும். இலையிலும் கசப்பு ஏறும். ஐப்பசி அடைமழையில் விதைத்தால் இளநாற்று மண்ணோடு சாய்ந்துவிடும். ஆகவே கார்த்திகை நடுவில் தொடங்கித் தை முதல் வாரம் வரை, 15 நாளுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக விதைத்துவந்தால், மாசி வரை கீரை கிடைக்கும். மார்கழியிலும் இங்கே பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருப்பதால், பெரிய செடியாக்க ஆசைப்படாமல் இளங்கீரையாகவே அறுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். சித்திரையில் நிழல்வலை கட்டி முயல்வது தண்ணீருக்குத்தான் கேடு. அந்த மாதங்களுக்குத் தண்டுக்கீரையும் பொன்னாங்கண்ணியும் இருக்கின்றன. சற்று வெப்பம் தாங்கும் வகை வேண்டுமென்றால் இதன் நெருங்கிய உறவான, அகன்ற இலையுள்ள கொமட்சுனா என்ற ஜப்பானியக் கீரையை விதைக்கலாம்.

ஒரு சாண் ஆழமுள்ள அகலத் தொட்டியோ வளர்ப்புப் பையோ போதும். செம்மண், மக்கிய தொழுவுரம், தென்னைநார்க் கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலக்கலாம். நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக உள்ள வீடுகளில், பிடித்துவைத்த மழைநீரையோ குழாய்த் தண்ணீரையோ இதற்கு ஒதுக்குவது நல்லது. விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் வரிசையாகத் தூவி மூடினால் பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் முளைத்துவிடும். நெருக்கமாக வந்த நாற்றுகளை 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுக் களைந்து, களைந்தவற்றை அப்படியே தயிர்ப் பச்சடியில் போட்டுவிடலாம்.

இலையில் ஊசியால் குத்தியது போன்ற சிறு துளைகள் தெரிந்தால் அது தெள்ளு வண்டின் வேலை. தொட்டால் துள்ளி ஓடும் அந்தக் கருவண்டுக்கு மருந்தடிப்பதைவிட, விதைத்த அன்றே பழைய கொசுவலையால் தொட்டியை மூடிவிடுவது மேல். அந்துப்பூச்சி முட்டையிடுவதையும் அந்த வலை பெருமளவு தடுத்துவிடும். இலைச்சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையும்படி தெளிக்க வேண்டும்.

சுமார் மூன்று, நான்கு வாரங்களில் இலைகள் ஒரு சாண் உயரம் வந்ததும், செடியைப் பிடுங்காமல், நடுக்குருத்து சிதையாதபடி தரையிலிருந்து இரண்டு விரற்கடை விட்டு அறுத்தால் மீண்டும் தழைக்கும்; இரண்டு மூன்று அறுப்பு வரை எதிர்பார்க்கலாம்.

சமையலில் நெருப்பு குறைவாகவே படவேண்டும். பாசிப்பருப்பு வெந்து, தாளித்துக் கொட்டி, அடுப்பை அணைக்கும் தறுவாயில் நறுக்கிய மிசுனாவைச் சேர்த்துக் கிளறினால் காம்பு மொறுமொறுப்போடு நிற்கும். பொரியல் செய்தால், இலை நன்றாகச் சுருங்கிவிடும் என்பதால் உப்பைக் கடைசியில் போடுவது உத்தமம். ஜப்பானியர் கொதிநீரில் ஒரு நிமிடத்திற்கும் குறைவாக முக்கி, குளிர்ந்த நீரில் அலசிப் பிழிந்து, சோயா சாஸ் விட்டு உண்பார்கள். நம் வீட்டில் அதன்மேல் வறுத்துப் பொடித்த எள்ளைத் தூவினால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள நன்றாக இருக்கும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள், இவ்வகைக் கீரைகளில் வைட்டமின் கே மிகுதி என்பதால், மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்ய வேண்டும்.

பூத்தண்டு நீட்டிவிட்ட செடியையும் வீணாக்க வேண்டாம். மொட்டு விரியும் முன் ஒடித்துப் பூண்டோடு வதக்கலாம். விதைக்கென்று விடுபவர்கள் மிசுனா, கொமட்சுனா இரண்டில் ஒன்றை மட்டுமே பூக்கவிட வேண்டும். இரண்டும் ஒருசேரப் பூத்தால் தேனீக்கள் வழியாக இனம் கலந்துவிடும்.