எம்பிஐ ஒருபக்க அணுகல்: புட் போட்ட பிறகு என்ன செய்ய வேண்டும்

எம்பிஐ (பல பிராசஸ்கள் தரவைப் பரிமாறிக்கொள்ள உதவும் நிரல் இடைமுகம்) நிரல்களில் செண்ட், ரிசீவ் வைத்தே பழகியவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ரிசீவ் முடிந்தால் தரவும் வந்துவிட்டது, வந்த சேதியும் தெரிந்துவிட்டது. எதிர்ப்பக்க மெமரியில் நேரடியாக எழுதும் புட், அதிலிருந்து நேரடியாகப் படிக்கும் கெட் இரண்டிலும் அது கிடையாது. புட் அழைப்பு திரும்பினால் வேலையை ஒப்படைத்தாயிற்று, அவ்வளவுதான். எதிர்ப்பக்க மெமரியில் தரவு விழுந்ததா, அங்கே அதைப் படிக்கலாமா, நம் பஃபரில் நாம் மறுபடி எழுதலாமா, எல்லாமே அடுத்து வரும் ஒத்திசைவு அழைப்பைப் பொறுத்தது.

என் பிழைப்பு வெப்பப் பரவல் கணக்குகள். பெரிய கட்டத்தைத் துண்டு போட்டு, ஒரு பிராசஸுக்கு ஒன்றாகக் கொடுப்பேன். எந்த ஒத்திசைவைப் பயன்படுத்துவது என்பதற்கு ஒரே கேள்விதான் கேட்டுக்கொள்வேன்: தன் மெமரியை வேறொருவர் எப்போது தொடப்போகிறார் என்பது எதிர்ப்பக்கத்துக்கு முன்கூட்டியே தெரியுமா?

எல்லாருக்கும் தெரியும் என்றால் ஃபென்ஸ், அதாவது எல்லாரும் சேர்ந்து அழைக்கும் ஒத்திசைவு. ஒவ்வொரு காலப்படியிலும் விளிம்பு வரிசைகளைப் பக்கத்துப் பிராசஸுக்குத் தள்ளும் வேலைக்கு இது கச்சிதம். வின்_ஃபென்ஸ், மேல் விளிம்புக்கு ஒரு புட், கீழ் விளிம்புக்கு ஒரு புட், மறுபடி வின்_ஃபென்ஸ். விண்டோவில் (மற்றவர்கள் தொடலாம் என்று பிராசஸ்கள் திறந்துவிட்ட மெமரி) உள்ள எல்லாப் பிராசஸும் இதை அழைத்தாக வேண்டும். இரண்டு ஃபென்ஸுக்கும் நடுவில் சும்மா இருக்க வேண்டியதில்லை. பக்கத்திலிருந்து வரும் வரிசைகளைத் தொடாத உள் கட்டங்களைப் பழைய அணியிலிருந்து படித்து, விண்டோவுக்கு வெளியே உள்ள புதிய அணியில் எழுதிக்கொண்டே போகலாம். புட்டுக்குக் கொடுத்த விளிம்பை மாற்றுவதும், வரவேண்டிய வரிசையைப் படிப்பதும் மட்டும் இரண்டாவது ஃபென்ஸுக்குப் பிறகுதான்.

ஃபென்ஸுக்கு அசெர்ட் என்று ஒரு அளவுரு உண்டு. முதலில் 0 கொடுத்து எழுதி, விடை சரியாக வந்த பிறகு மட்டும் முதல் ஃபென்ஸில் நோபிரிசீட் (இதற்கு முன் முடிக்க வேண்டிய புட், கெட் இல்லை), கடைசியில் நோசக்சீட் (இதற்குப் பின் எதுவும் வராது) போடுங்கள். நோபிரிசீட் போட்ட ஃபென்ஸ், பேரியர் (எல்லாரும் வந்து சேரும்வரை காக்க வைக்கும் அழைப்பு) போல எல்லாரையும் நிறுத்தி வைக்க வேண்டிய கட்டாயமில்லை. அதை நம்பி வேறெதையாவது வரிசைப்படுத்தியிருந்தால் கவிழும்.

அக்கம்பக்கத்துக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றால் போஸ்ட், ஸ்டார்ட், கம்ப்ளீட், வெயிட் நான்கும் இருக்கின்றன. தன் மெமரியைத் திறந்துவிடுபவர் போஸ்ட்டும் வெயிட்டும், அதைத் தொடுபவர் ஸ்டார்ட்டும் கம்ப்ளீட்டும் அழைப்பார். என்னைக் கேட்டால் பலருக்கு இது தேவைப்படாது. ஃபென்ஸ்தான் நேரத்தைத் தின்கிறது என்று அளந்து பார்த்த பிறகு வாருங்கள். வரிசை முக்கியம்: எல்லாரும் முதலில் போஸ்ட், அப்புறம் ஸ்டார்ட். எல்லாருமே ஸ்டார்ட்டை முதலில் அழைத்தால், அது எதிராளியின் போஸ்ட்டுக்காகக் காத்திருக்கலாம். ஒருவரை ஒருவர் பார்த்தபடி மொத்தமும் நின்றுவிடும்.

எதிர்ப்பக்கத்துக்கு எதுவுமே தெரியாது என்றால் லாக். இதில் தொடுபவர் மட்டும் ஒத்திசைவை அழைத்தால் போதும். 2012-இல் வந்த எம்பிஐ 3.0-இல் லாக்_ஆல், ஃப்ளஷ், ஃபெட்ச்_அண்ட்_ஆப் எல்லாம் சேர்ந்த பிறகுதான் இது உண்மையிலேயே வசதியானது. தொடக்கத்தில் ஒருமுறை லாக்_ஆல், முடிவில் ஒருமுறை அன்லாக்_ஆல், நடுவில் தேவைக்கு ஃப்ளஷ் (அதுவரை கொடுத்த புட், கெட் எல்லாம் எதிர்ப்பக்கத்திலும் முடியும்வரை காத்திருக்கும் அழைப்பு). லாக் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். லாக்_ஆல் எப்போதும் பகிர்வு லாக்தான். ஒரே நேரத்தில் எத்தனை பேரும் உள்ளே இருக்கலாம்.

உதாரணத்துக்கு, ரேங்க் 0-இல் (ரேங்க் என்பது பிராசஸின் வரிசை எண்) ஒரு கவுண்டர். சும்மா இருக்கும் பிராசஸ் அடுத்த வேலை எண்ணை அதிலிருந்து எடுக்க வேண்டும். கெட் செய்து, ஒன்று கூட்டி, புட் செய்தால் இரண்டு பேருக்கு ஒரே எண் கிடைக்கும். ஃபெட்ச்_அண்ட்_ஆப்பில் சம் கொடுத்தால் படிப்பதும் கூட்டுவதும் ஒரே அணுச்செயலாக நடக்கும். உடனே ஒரு ஃப்ளஷ். அதன் பிறகே வந்த எண்ணைப் பாருங்கள். விண்டோவுக்கு மெமரி ஒதுக்கும் வின்_அலோகேட் அதைப் பூஜ்யமாக்கித் தராது. எனவே லாக்_ஆலுக்குப் பின் ரேங்க் 0 கவுண்டரில் 0 எழுதி, வின்_சின்க் (நாம் நேரடியாகப் படிப்பதையும் எழுதுவதையும் விண்டோவோடு ஒத்திசைக்கும் அழைப்பு) அழைத்து, பிறகு எல்லாரும் ஒரு பேரியர். அதற்கு முன் யாரும் எண் கேட்கக் கூடாது.

அதிகம் பேர் தடுக்கி விழுவது கொடி (தரவு வந்துவிட்டதா என்று காட்டும் சிறு மாறி) வைக்கும் இடத்தில். தரவைப் புட் செய்து, அடுத்த வரியிலேயே "தயார்" கொடியையும் புட் செய்கிறார்கள். எழுதிய வரிசையில் போய்ச் சேரும் என்று புட்டுக்கு உத்தரவாதமே இல்லை, கொடி முந்திவிடலாம். சரியான முறை: தரவுக்குப் புட், அந்த ரேங்குக்கு ஃப்ளஷ், பிறகு கொடிக்கு ரீப்ளேஸ் கொடுத்து அக்யூமுலேட் (பழைய மதிப்பை அணுச்செயலாக மாற்றி எழுதும்), மறுபடி ஃப்ளஷ். இங்கே ஃப்ளஷ்_லோக்கல் உதவாது. நம் பஃபரைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று மட்டும்தான் அது சொல்லும். எதிர்ப்பக்கத்தைப் பற்றி வாய் திறக்காது.

காத்திருக்கும் பக்கம் கொடியை வெறும் மாறியாக லூப்பில் படிக்க வேண்டாம். கம்பைலர் அதை ஒருமுறை மட்டும் படித்துவிட்டு லூப்பை முடிவில்லாமல் சுற்ற விடலாம். தன் ரேங்கின் மீதே நோ_ஆப் (எதையும் மாற்றாமல் படிக்க மட்டும்) கொடுத்து ஃபெட்ச்_அண்ட்_ஆப், ஒரு ஃப்ளஷ், மதிப்பு மாறும்வரை திரும்பத் திரும்ப. மாறியதும் வின்_சின்க், அப்புறம் தரவு. இந்த முறை ஒருங்கிணைந்த மெமரி மாதிரிக்கு, அதாவது நாம் நேரடியாகப் பார்க்கும் மெமரியும் மற்றவர்கள் விண்டோ வழியாகத் தொடும் மெமரியும் ஒன்றேயாக இருக்கும் வகைக்கு. உங்கள் விண்டோ அந்த வகைதானா என்பதை வின்_மாடல் பண்பைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதே இடத்தில் அடுத்த சுற்றுத் தரவு வருவதாக இருந்தால், "படித்தாயிற்று" என்று எதிர்த்திசையில் இன்னொரு கொடியும் வேண்டும்.

"பேரியர் போட்டிருக்கிறேனே" என்ற பதிலை அடிக்கடி கேட்கிறேன். பேரியர் பிராசஸ்களை ஓரிடத்தில் சேர்க்கும். பாதியில் இருக்கும் புட்டை முடித்துத் தராது. முதலில் ஃப்ளஷ், பிறகு பேரியர்.

எல்லாம் சரியாக இருந்தும் அக்யூமுலேட்டோ லாக்கோ நகராமல் நின்றால், எதிர்ப்பக்கம் எம்பிஐ அழைப்பே இல்லாத நீண்ட லூப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண புட், கெட்டை நெட்வொர்க் கார்டே முடித்துவிடக்கூடும். மற்றவற்றுக்கு எதிர்ப்பக்க சிபியுவின் உதவி தேவைப்படலாம். எம்பிஐ-யின் ஒரு செயலாக்கமான எம்பிச்சில் இதற்கென ஒரு சூழல் மாறி உண்டு. 1 ஆக்கினால் பின்னணியில் ஒரு த்ரெட் இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும், பதிலுக்குக் கொஞ்சம் வேகம் போகும்.

சோதனையை ஒரே கணினியில் முடித்துவிடாதீர்கள். அங்கே புட் பெரும்பாலும் சாதாரண மெமரி நகலாகவே நடப்பதால் விட்டுப்போன ஃப்ளஷ் தெரியாமலே போகும். பிராசஸ்களை இரண்டு நோடுகளில் (நெட்வொர்க்கால் இணைந்த தனித்தனிக் கணினிகள்) பிரித்து, ரேங்குக்கு ரேங்க் வேறுபடும் சிறு தாமதங்களைச் செருகி, பல தடவை ஓட்டி விடைகளை ஒப்பிடுங்கள்.