ஈஆர்பி போட்ட பிறகும் லைன் நிற்கிறதா? எலக்ட்ரானிக்ஸ் உற்பத்தியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டோர்ஸ் ரேக்கில் 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் நான்கு ரீல் அப்படியே கிடக்கும். அதே நாளில் பர்ச்சேஸில் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டருக்கு அவசர ஆர்டர் போய்க்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே மதிப்புதான். டிசைனில் இருப்பவர் அதையே '104' என்று எழுதியிருப்பார். மென்பொருளுக்கு இவை மூன்று வெவ்வேறு பொருள்கள்.

ஈஆர்பி (பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், உற்பத்திக் கணக்குகளை ஒன்றாக வைக்கும் மென்பொருள்) வாங்கியும் தட்டுப்பாடு தீரவில்லை என்று சொல்லும் இடங்களில் நான் முதலில் திறந்து பார்ப்பது எல்லாப் பொருள்களின் விவரமும் இருக்கும் இந்த ஐட்டம் மாஸ்டர் பட்டியலைத்தான். பழைய எக்செல் ஷீட்டைச் சுத்தம் செய்யாமல் ஏற்றுவதுதான் ஆகப் பெரிய தவறு. எக்செலும் தன் பங்குக்குக் குழப்பும்: 0402 என்ற உதிரி அளவுக் குறியீட்டை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தூக்கிவிடும். 402 என்று ஏறிவிட்டால் தேடும்போது சிக்காது. அந்த 0402 எந்தக் கணக்கு என்பதும் முக்கியம். அங்குலக் கணக்கில் அது சுமார் 1 மி.மீ. நீளம், 0.5 மி.மீ. அகலம், மெட்ரிக் கணக்கில் 0.4 மி.மீ. நீளம், 0.2 மி.மீ. அகலம்தான். மதிப்பு, அளவு, வோல்டேஜ், டைஎலக்ட்ரிக் (உள்ளே இருக்கும் மின்காப்புப் பொருள்) வகை, தயாரிப்பாளரின் பார்ட் நம்பர் என ஒவ்வொன்றையும் தனித்தனிக் கட்டத்தில் போடுங்கள். இதற்கு ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும்.

அடுத்தது மாற்று உதிரிகள். எதற்குப் பதில் எது போடலாம் என்பது பல இடங்களில் ஒரு மூத்த இன்ஜினியரின் நினைவிலும் பழைய மின்னஞ்சல்களிலும்தான் இருக்கிறது. 2021-ல் சிப் தட்டுப்பாடு வந்தபோது இதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதற்காக, மதிப்பு ஒன்றுதானே என்று ஸ்டோர்ஸே மாற்றிக் கொடுக்க மென்பொருளில் வழிவிடவும் கூடாது. எக்ஸ்7ஆர் என்ற டைஎலக்ட்ரிக் வகைக் கெப்பாசிட்டரின் மதிப்பு அதன் வெப்பநிலை வரம்புக்குள் 15 சதவீதத்துக்கு மேல் மாறாது. ஒய்5வி வகையோ 82 சதவீதம் வரை குறையலாம். டிசைன் ஒப்புதல் தந்த மாற்று மட்டும், எந்த போர்டுக்கு என்ற குறிப்போடு, பிஓஎம்மில் (போர்டுக்கான உதிரிப் பட்டியலில்) ஏற வேண்டும்.

கணக்கில் இருப்பு, ரேக்கில் வெறுமை: இது நடப்பது, ரீலில் சுற்றிய டேப்பிலிருந்து உதிரிகளை மெஷினுக்கு ஊட்டும் ஃபீடரில். போர்டுக்கு ஒன்று வீதம் 1,000 போர்டுக்கு 1,000 என்று மென்பொருள் தானாகக் கழித்துக்கொள்ளும். ஆனால் ரீலை மாட்டும்போது டேப்பின் முனையில் சில போகும், மெஷின் சரியாக எடுக்காமல் தள்ளுவது சில. பத்து ஜாப் முடிவதற்குள் கணக்கு விலகிவிடும். கடைசி முப்பது போர்டுக்கு ரெசிஸ்டர் இல்லாமல் லைன் நின்றதைப் பார்த்திருக்கிறேன். திரையில் அப்போதும் அறுநூறு இருப்பு. சின்ன சிப்களுக்குச் சேதார சதவீதம் போடுங்கள், விலை உயர்ந்த ஐசிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். திரும்பி வரும் பாதி ரீலை எண்ணாமல் உள்ளே எடுக்காதீர்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் போதாது, நேரமும் வேண்டும். எம்எஸ்எல் 3 (ஈர உணர்திறன் நிலை 3) வகை ஐசியின் ஈரத்தடுப்புப் பையைப் பிரித்தால், 30 டிகிரி செல்சியஸ், 60 சதவீத ஈரப்பதத்துக்குள் 168 மணி நேரம்தான் வெளியில் வைக்கலாம். மீறினால் உள்ளே புகுந்த ஈரம், சோல்டரை உருக்கும் ரீஃப்ளோ அடுப்பில் ஆவியாகி ஐசியை விரிசல் விட வைக்கும். பை பிரித்த நேரத்தைப் பதியாத மென்பொருளில் அந்த ஐசி நல்ல இருப்பாகவே தெரியும். சோல்டர் பேஸ்ட்டின் காலாவதிக்கும் இதே கதிதான்.

பிஓஎம் ரிவிஷன் மாறும்போது, லைனில் பாதியில் இருக்கும் போர்டுகள் பழையபடி முடிய வேண்டுமா, புதியபடியா என்பதை வெளியிடும் அன்றே முடிவு செய்து, எந்த ஒர்க் ஆர்டரிலிருந்து மாற்றம் என்று குறித்துவிடுங்கள்.

கடைசியாக, திரையை லைனில் வேலை செய்பவரோடு உட்கார்ந்து அமையுங்கள். ரீல் மாற்ற ஏழு இடத்தில் தட்ட வேண்டியிருந்தால் அவர் நோட்டில் எழுதி வைத்து ஷிஃப்ட் முடிவில் மொத்தமாக ஏற்றுவார். எந்த லாட் எந்த போர்டில் போனது என்ற தடம் அங்கேயே அறுந்துவிடும். ரீலுக்கு ஒரு ஸ்கேன், ஃபீடருக்கு ஒரு ஸ்கேன். அதற்கு மேல் அவரிடம் எதுவும் கேட்காதீர்கள்.