ராக் கார்டன் போகிறீர்களா? முகத்தை விடுங்கள், பூச்சைப் பாருங்கள்

வேண்டாத பொருள்களால் செய்த சிலைகள் நிறைந்த தோட்டம், சண்டிகர் ராக் கார்டன். அதற்கு ஒரு மணி நேரம் போதும் என்பார்கள். நம்பாதீர்கள். அரை நாள் ஒதுக்கி, காலையில் கதவு திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் வரிசை வந்துவிட்டால் அந்தக் குறுகிய வழிகளில் நின்று பார்க்க இடமிருக்காது.

கட்டட வேலையை மேற்பார்வை பார்த்தே தலை நரைத்தவன் நான். அதனால் என் யோசனையும் அந்தப் பக்கமே சாயும்: ஒவ்வொரு சிலையும் எதனால் ஆனது என்று கண்டுபிடித்துக்கொண்டே நடங்கள்.

இதை உருவாக்கிய நேக் சந்த் கலைக் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்ல. பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். 1924இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஒரு கிராமத்தில் பிறந்து, பிரிவினைக்குப் பின் இந்தியாவுக்கு வந்தவர். சண்டிகர் என்ற புதிய நகரத்துக்காகப் பல கிராமங்களை இடித்தார்கள். அந்த இடிபாடுகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், சுக்னா ஏரிக்குப் பக்கத்தில், எதுவும் கட்டக் கூடாத காட்டுப் பள்ளத்தில் 1957 வாக்கில் வேலையைத் தொடங்கினார். ஏறக்குறைய 18 ஆண்டுகள் ரகசியம். வெளியே தெரிந்தபோது, சட்டப்படி அது ஆக்கிரமிப்பு. ஆனாலும் இடிக்காமல், 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டு, அவருக்குச் சம்பளமும் 50 ஆட்களும் கொடுத்தார்கள். ஓர் அரசுக் கோப்பு இவ்வளவு புத்தியோடு முடிந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வாசல்கள் தாழ்வானவை, தலை பத்திரம். முதல் பகுதியில் ஆறும் மலையும் செதுக்கிக் கொடுத்த கற்கள்தான் அதிகம். அவற்றைச் சீக்கிரம் கடந்துவிடலாம். சுவர்களைக் கடக்காதீர்கள். தார் டிரம், மண்பானை, உடைந்த கழிப்பறைப் பீங்கான், பழைய மின்சாரப் பீங்கான் ஃப்யூஸ் என்று எங்கள் கிடங்குகளில் 'உபயோகமற்றது' என எழுதித் தள்ளும் சாமான்களே அங்கே சுவராக நிற்கின்றன.

இரண்டாம் பகுதியில்தான் உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டும். மனிதர்களும் விலங்குகளும் படைவரிசை போல அடுக்கடுக்காக நிற்கும் இடம் அது. வளையல் துண்டுகள் பதித்த ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தில் போய் நில்லுங்கள். உள்ளே கம்பியோ பழைய சைக்கிள் சட்டமோ இருக்கும். அதன்மேல் சிமெண்டும் மணலும் கலந்த சாந்தை அப்பி உடம்பைத் திரட்டியிருப்பார்கள். கடைசியாக மணல் சேர்க்காத சிமெண்ட் பூச்சை இழைத்து மெருகேற்றுவார்கள். அந்தப் பூச்சு இறுகுவதற்குள் கண்ணாடியை அழுத்திவிட வேண்டும். துண்டின் ஓரத்தைக் கூர்ந்து பாருங்கள்: அழுத்தியபோது பிதுங்கிய சிமெண்ட் மெல்லிய வரப்பாக எழும்பியிருந்தால், சரியான பதத்தில் பதித்தது என்று பொருள். கொஞ்சம் பிந்தியிருந்தாலும் துண்டு ஒட்டாது, ஒரே மழையில் உதிர்ந்துவிடும். எங்காவது பூச்சு பெயர்ந்திருந்தால் அங்கே இன்னும் சற்று நில்லுங்கள். துருப்பிடித்த கம்பி தெரியும். விரிசல் எங்கிருந்து கிளம்பியது என்றும் தெரியும்.

தொட்டுப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். சிலைக்கும் கெடுதல், கண்ணாடி விளிம்பு உங்கள் விரலையும் சும்மா விடாது. குழந்தைகள் கூட வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முகங்கள் ஏறக்குறைய ஒரே அச்சுதான். அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொருவருக்கும் உடை வேறு, உடையின் சரக்கு வேறு.

மூன்றாம் பகுதி பெரிய வளைவுகளும் ஊஞ்சல்களும் நிறைந்த இடம். கூட்டம் அங்கேதான் சிரித்துக்கொண்டிருக்கும். என் கண்ணுக்கு அங்கே கைவேலை குறைவு, கட்டுமானம் அதிகம். கால் வலித்தால் ஊஞ்சலில் உட்காருங்கள், தப்பில்லை.

வெளியே வந்ததும் விடுதிக்குத் திரும்பிவிடாதீர்கள். சண்டிகரைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே வடிவமைத்த கேப்பிட்டல் வளாகம், அதாவது கான்கிரீட் அரசுக் கட்டடங்களின் தொகுதி, பக்கத்திலேயே இருக்கிறது. அதே சிமெண்டை நேர்கோட்டில் வைத்தால் என்ன ஆகும் என்பதை அன்றே பார்ப்பது நல்லது. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள். அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.